நட்டு உக்காரல

"விமலா, உக்கார முடியாத பேஷண்ட் இவர்தானா?"

பெரிய டாக்டர் கேட்டபோது அவர் கையில் நான் எழுதிய கேஸ் ஷீட் இருந்தது. எதிரே பெஞ்சில் சூசை உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரமாக ஆடாமல் அசையாமல், மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டு, சர்ச்சில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார். கேஸ் ஷீட்டிலோ அவரால் உட்காரவே முடியவில்லை என்று என் கையெழுத்தில் இருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் டாக்டர் இரண்டு மாதத்துக்கு முன் மருந்தை மாற்றியிருந்தார்.

நடந்தது 2006இல். சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் நான் சைக்காலஜிஸ்ட்டாக இருந்தேன். அப்போதே எனக்குப் பதினைந்து வருஷ சர்வீஸ், அதற்கேற்ற கர்வமும் உண்டு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், நான் செய்ததிலேயே பெரிய தப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். தப்பை மாற்றவில்லை.

1. முதல் நாள்

சூசையை எங்களிடம் கூட்டி வந்தவர் அருளப்பன். கடலூர் திருப்பாப்புலியூரில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். சூசையின் அக்காவைக் கட்டியவர். சூசைக்கு முப்பது வயதிருக்கும், குடிகாட்டில் வீடு. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கடையில்தான் மெக்கானிக். இஞ்சின் வேலைக்கு நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கத்திலிருந்தெல்லாம் சூசை பெயரைச் சொல்லி வண்டி வருமாம். இவ்வளவையும் சொன்னது அருளப்பன்தான்.

"நல்ல கை மேடம் இவனுக்கு. இப்ப ஆறு மாசமா ஒரு நட்டு டைட் பண்ண ஒரு மணி நேரம் ஆக்குறான். டைட் பண்றான், லூஸ் பண்றான், மறுபடியும் டைட் பண்றான். கடைசில த்ரெட்டே போயிடுது. எத்தினி போல்ட்டு மாத்திக் குடுத்திருப்பேன்னு மாதாவுக்குத்தான் தெரியும். கஸ்டமருங்க, சூசை கையில வண்டிய குடுக்காதீங்கன்றாங்க. ஸ்பானர புடுங்கி வச்சிட்டு வாட்டர் வாஷ் பண்ணச் சொல்லிட்டேன். அதுலேருந்து இவன் அக்கா என்கிட்ட பேசறதில்ல."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அவரே தொடர்ந்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேடம். என் மச்சான் திரும்ப ஸ்பானர் புடிப்பானா மாட்டானா?"

எனக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்த கேஸ். ஓ.சி.டி. நாங்கள் படித்த பாடப்படி, முதலில் ஒரு வேண்டாத எண்ணம் வரும். அது பயத்தைக் கிளப்பும். அந்தப் பயத்தைத் தணிக்க ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். செய்கிற காரியம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. எண்ணத்தை மட்டும் வாயிலிருந்து பிடுங்க வேண்டும்.

"நட்டு லூசா இருந்து வண்டி கவுந்துடும், யாருக்காவது அடிபட்டுடும்னு பயமா இருக்கா?"

"இல்ல மேடம்."

"வேற என்ன நினைப்பு வருது?"

"நினைப்பு ஒண்ணும் வர்றதில்ல மேடம்."

"நினைப்பே இல்லாம ஏன் திரும்பத் திரும்ப முறுக்குறீங்க?"

சூசை தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். உள்ளங்கைத் தோல் உரிந்து சிவந்திருந்தது. பதில் அந்தக் கையில்தான் இருக்கிறது என்று அவர் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நானோ ‘எண்ணங்களை மறைக்கிறார்’ என்று எழுதினேன். இப்போது நினைத்தால் என் காதை நானே திருகிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

2. ஒரு வரி இங்கிலீஷ்

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. பேஷண்ட்டிடம் தமிழில் கேட்போம், ஷீட்டில் இங்கிலீஷில் எழுதுவோம். எல்லா ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். கேட்கிற காதுக்கும் எழுதுகிற கைக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு நடக்கிறது என்பதையே நாங்கள் மறந்திருந்தோம்.

ஒரு மாதம் கழித்து சூசை தனியாக வந்தார். அன்று திங்கட்கிழமை, ஓ.பி.யில் கால் வைக்க இடமில்லை. வரிசையில் நின்றிருந்தவரிடம் அங்கேயே வைத்துக் கேட்டேன்.

"எப்படி இருக்கு சூசை?"

"இன்னும் உக்காரல மேடம். மாத்திர போட்டதுலேருந்து கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்கு."

‘அனேபிள் டு சிட். இன்க்ரீஸ்ட் ஆஃப்டர் டேப்லெட்ஸ்’ என்று எழுதினேன். கையெழுத்து அழகாக வேறு இருந்தது.

அவருக்குக் கொடுத்திருந்த வகை மாத்திரையில் சிலருக்குக் கால் நிலைகொள்ளாது. உட்கார்ந்தால் எழுந்து நடக்க வேண்டும், நடந்தால் உட்கார வேண்டும் என்று தவித்துப்போவார்கள். ஷீட்டைப் பார்த்த பெரிய டாக்டர் அதுதான் என்று முடிவுகட்டி, மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக் கூடவே இன்னொன்றை எழுதினார். எழுதப்பட்டதை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது சரி.

இரண்டு மாதம் சூசை அந்த மருந்தை ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டார். வாட்டர் வாஷ் போடும்போது குழாயைத் திருகி மூடுவதற்கே அரை மணி நேரம் ஆனது. அடுத்த முறை அவர் வந்த அன்றுதான் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் ஷீட்டைப் பார்த்தேன், சூசையைப் பார்த்தேன். டாக்டர் அவரிடமே கேட்டுவிட்டார்.

"ஏம்பா, உக்கார முடியலன்னு சொன்னியாமே. நல்லாத்தான உக்காந்திருக்க?"

சூசை பதறி எழுந்துவிட்டார். "நான் உக்காரலன்னு சொல்லல சார். நட்டு உக்காரலன்னு சொன்னேன்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் மருந்தைப் பழைய அளவுக்கு மாற்றி எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க இங்கிலீஷ்ல ஒரு தப்பும் இல்ல விமலா. தமிழ்லதான் ஃபெயில்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதரின் இரண்டு மாதத்தை வீணடித்திருக்கிறேன். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெட்கமாக இருந்தது.

3. கையில் ஏறுவது

வியாழக்கிழமைகளில் எனக்குக் கடலூரில் முகாம் வேலை. என் வீடும் கடலூரில்தான். அடுத்த வியாழக்கிழமை முகாம் முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக அருளப்பன் கடைக்குப் போனேன். அவர் அவசர அவசரமாக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"மேடம், வண்டில ஏதாவது ரிப்பேரா?"

"வண்டி நல்லா இருக்கு. எனக்குத்தான் ரிப்பேர். நட்டு உக்கார்றதுன்னா என்னன்னு தெரிஞ்சுக்க வந்தேன்."

அருளப்பன் ஒரு மாதிரியாகப் பார்த்தார். சூசை அவரிடம் சாவியைக் கேட்டு வாங்கி, உள்ளே பூட்டி வைத்திருந்த ஸ்பானர்களில் ஒன்றை எடுத்து வந்தார். ஒரு பழைய வண்டியின் பின்சக்கர நட்டில் அதை மாட்டி என் கையில் கொடுத்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தினேன்.

"திருப்புங்க மேடம். ஈசியா வருதா? இன்னும் வாங்க. இப்ப லேசா கெட்டிப்படுது பாருங்க. இன்னும் கொஞ்சம். அந்தக் கெட்டி உங்க கையில ஏறுதா? விரல்லேருந்து மணிக்கட்டுக்கு வந்து, அங்க டக்குனு நின்னுடும். நின்னுடுச்சா? அதான் உக்காந்துடுச்சின்றது."

ஆமாம், நின்றது. ‘போதும், கையை எடு’ என்று யாரோ சொன்ன மாதிரி அவ்வளவு தெளிவாக இருந்தது. நாற்பத்து மூன்று வருஷமாகக் குழாயும் பாட்டில் மூடியும் ஜன்னல் கொக்கியும் திருகியிருக்கிறேன். அந்த நிற்றலை ஒரு நாளும் கவனித்ததில்லை.

"உங்களுக்கு?" என்றேன்.

"ஏறுது மேடம். நிக்க மாட்டேங்குது. மணிக்கட்டுல நிக்காம முழங்கைக்குப் போவுது, தோள்பட்டைக்குப் போவுது. உள்ள ஒரு மாதிரி அரிக்குது, தோல் அரிப்பு மாதிரி இல்ல. நட்டு உக்காந்துடுச்சின்னு எனக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியுது. கைக்குத் தெரியல."

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. சட்டைக் காலர் கழுத்தில் உக்காராது. செருப்பு வார் இடது காலில் உக்காரும், வலது காலில் உக்காராது. டம்ளரை வைத்தால் மேஜையில் உக்காராது. இதையெல்லாம் ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க நினைப்பத்தான கேட்டீங்க மேடம். இது நினைப்பு இல்லியே."

பக்கத்தில் நின்ற அருளப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மச்சான் இவ்வளவு பேசி அவர் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

4. முள்ளும் டேங்கும்

அந்த வாரம் முழுக்க லைப்ரரியில் உட்கார்ந்து படித்தேன். நான் நன்றாகவே உட்கார்ந்தேன். ஓ.சி.டி. உள்ளவர்களில் பலருக்கு இப்படிப் புலன்வழித் தொந்தரவு உண்டு என்று எழுதியிருந்தது. தோலில், தசையில், மூட்டில் ஓர் உறுத்தல். ‘சரியாக அமையவில்லை, முடியவில்லை’ என்ற வெறும் உணர்ச்சி. பின்னால் பயமோ எண்ணமோ இருக்க வேண்டும் என்பதில்லை.

நான் புரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடுவதையும் அசைவதையும் பதிவு செய்ய மூளையின் மேற்பரப்பில் இடங்கள் உண்டு. உடம்புக்குள்ளிருந்து வரும் சேதிகளை வாங்க, பக்கவாட்டில் மடிப்புக்குள் இன்சுலா என்று ஒரு பகுதி உண்டு. அடியாழத்தில், பழகின காரியங்களைத் தொடங்கி முடித்துவைக்கிற பகுதிகள் உண்டு. இவையும் நெற்றிப் பக்கத்துப் பகுதிகளும் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். காரியம் முடிந்ததும் ‘போதும்’ என்ற சேதி இந்தச் சுற்றில் எழ வேண்டும். சிலருக்கு அது எழாமலோ எழுந்தும் எடுபடாமலோ போகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் அப்போது எழுதிக்கொண்டிருந்தார்கள். கோளாறு எங்கே தொடங்குகிறது என்பது அன்றைக்குத் தெரியாது. இன்றைக்கும் முழுசாகத் தெரியாது.

இதை அருளப்பனுக்குச் சொல்லப்போய் வம்பாகிவிட்டது. மூளை என்ற வார்த்தையைக் கேட்டதும், "அப்ப ஸ்கேன் எடுத்துடலாம்" என்று பிடிவாதம் பிடித்தார். வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை, எடுத்துவிட்டார். ரிசல்ட் நார்மல்.

"நார்மலா? அப்ப இவன் நடிக்கிறானா சார்?"

"ஸ்கேன்ல ஒயர் இருக்கறது தெரியும் அருளப்பன். கரண்ட் எப்படி ஓடுதுன்னு தெரியாது" என்றார் டாக்டர். பிறகு சூசையைப் பார்த்து, "உன் கடைக்கு பெட்ரோல் முள்ளு வேலை செய்யாத வண்டி வருமா?" என்று கேட்டார்.

"நெறைய வரும் சார். மிதவ மாட்டிக்கும். டேங்க் ரொம்பியிருந்தாலும் முள்ளு ஏறாது."

"உனக்கும் அதான். டேங்க் ரொம்பிடுச்சு, முள்ளு ஏறல. நீ முள்ளைப் பாத்துக்கிட்டு ஊத்திக்கிட்டே இருக்க. பெட்ரோல் ரோட்டுல ஓடுது."

சூசை பெஞ்சில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்ப முள்ள ரிப்பேர் பண்ண முடியுமா சார்?"

"மாத்திரை கொஞ்சம் பண்ணும். மீதிய நீதான் பண்ணணும். முள்ளு ஏறாமலே ஊத்தறத நிறுத்தணும். நிறுத்திட்டு, ஏறலயேன்ற அரிப்போட சும்மா இருக்கணும். இருக்க இருக்க அடங்கும். எப்படி இருக்கறதுன்னு விமலா சொல்லித் தருவாங்க."

5. கிளிக்

இங்கே நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். இதைப் புத்திசாலித்தனமாக வேறு செய்தேன்.

டார்க் ரெஞ்சு என்று ஒரு கருவி உண்டு. அளவு வைத்துத் திருகினால், அந்த அளவு வந்ததும் ‘கிளிக்’ என்று சத்தம் போடும். கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் வைத்திருப்பார்கள். கை சொல்லாததை இது சொல்லட்டுமே என்று அருளப்பனிடம் யோசனை சொன்னேன். மனுஷன் மறுநாளே பாண்டிச்சேரிக்குப் போய் வாங்கி வந்துவிட்டார். முதல் வாரம் பிரமாதம். சூசை ஒரு கிளிக்கோடு நிறுத்தினார். நான் டாக்டரிடம் போய்ப் பெருமை பேசினேன்.

மூன்றாவது வாரம் போன்.

"மேடம், இப்ப கிளிக் உக்காரலன்றான்."

போய்ப் பார்த்தேன். கிளிக், லூஸ், கிளிக், லூஸ். ஒரு கிளிக் மழுங்கலாகக் கேட்டதாம், ஒன்று பாதியில் நின்றதாம். ஒரு முள்ளை எடுத்துவிட்டு இன்னொரு முள்ளை மாட்டிக் கொடுத்திருந்தேன். டாக்டர் சொன்னதை நான்தான் சரியாகக் கேட்கவில்லை.

ரெஞ்சை அலமாரிக்கு அனுப்பினோம். புது ஏற்பாடு இதுதான். சாதாரண ஸ்பானர். ஒரே ஒரு முறை டைட். உடனே கையை எடுத்துவிட்டு ஸ்பானரைக் கீழே வைத்துவிட வேண்டும். பிறகு அந்த ‘உக்காரல’ எவ்வளவு இருக்கிறது என்று நூற்றுக்கு ஒரு மார்க் போட்டு, அது பாதியாக இறங்கும் வரை அந்த வண்டியைத் தொடாமல் இருக்க வேண்டும். முதல் நாள் தொண்ணூற்றைந்து. பாதியாக இறங்க நாற்பது நிமிஷம் பிடித்தது. சூசை பட்டறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார், சட்டை நனைந்துவிட்டது. அவர் கஷ்டம் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு முறை ‘சரி, ஒரு தடவை தொட்டுக்கோங்க’ என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

சூசையைவிட அருளப்பனுக்குத்தான் கஷ்டமான வேலை கிடைத்தது. அதுவரை சூசை, "மாமா, உக்காந்துச்சான்னு பாரு" என்று கூப்பிட, இவர் பார்த்து, "உக்காந்துச்சுடா மச்சான்" என்பார். ஒரு நாளைக்கு நூறு தடவை. ஆறுதல் சொல்வதும் ரொம்பின டேங்கில் பெட்ரோல் ஊத்துவதுதான், அதை நிறுத்துங்கள் என்றேன். கடை மூடின பிறகு சூசைக்குத் தெரியாமல் எல்லா நட்டையும் அவர் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். ஆனால் கேட்டால் பதில் சொல்லக் கூடாது.

"கேட்டா என்ன மேடம் சொல்றது?"

"எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க."

அன்றே நடந்தது. சூசை கேட்டார். அருளப்பன் கார்பரேட்டரைத் துடைத்தபடி, நிமிராமல், "எனக்குத் தெரியாது மச்சான்" என்றார். சூசை இன்னொரு முறை கேட்டார், கெஞ்சுகிற மாதிரி. "எனக்குத் தெரியாதுடா." சொல்லிவிட்டுக் கம்ப்ரசருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அது ஓடும் சத்தத்தில் அவர் அழுதது சூசைக்குக் கேட்கவில்லை. எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

நாற்பது நிமிஷம் முப்பதாகி, பன்னிரண்டாகி, ஒரு நாள் மறுபடி ஐம்பதாகி, பிறகு ஐந்தானது. ஆறேழு மாதம் ஆனது. பூஜ்யம் ஆனதே இல்லை. ஒரு விசிட்டில் சூசையே சொன்னார்: "அரிப்பு இருக்குது மேடம். பக்கத்துல உக்காந்திருக்கற ஆள் மாதிரி இருக்குது. நான் பாட்டுக்கு வேலைய பாக்குறேன்."

6. என் வண்டி

அதிலிருந்து பேஷண்ட் சொன்ன முக்கியமான வார்த்தையை நான் மொழிபெயர்ப்பதில்லை. இங்கிலீஷ் ஷீட்டின் நடுவில் மேற்கோள் போட்டுத் தமிழிலேயே எழுதுவேன். ‘உக்காரல’, ‘ஒட்டுது’, ‘அடங்கல’, ‘நெருடுது’. வெளியூர் டாக்டர்கள் எரிச்சல்படுவார்கள். என்னைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்பார்கள். நான் பேஷண்ட்டைக் கூப்பிட்டுக் கேட்பேன். நேரம் பிடிக்கும்தான். தப்பு குறையும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எண்ணத்தைக் கேட்கிற அதே அக்கறையோடு, கையில் என்ன, தோலில் என்ன, தொண்டையில் என்ன என்றும் கேளுங்கள். எனக்கு இது இரண்டு மாத விலையில் கிடைத்த பாடம். அந்த விலையைக் கொடுத்தது நானில்லை, சூசை.

2008இல் என் ஸ்கூட்டரின் பின்சக்கர டயரை மாற்ற வேண்டியிருந்தது. திருப்பாப்புலியூர் கடைக்குப் போனேன். அருளப்பன் வேறு வண்டியில் குனிந்திருந்தார். "மச்சான், மேடம் வண்டிய பாரு" என்று சாதாரணமாகச் சொன்னார்.

சூசை டயரை மாற்றி, சக்கரத்தைப் பூட்டி, நட்டைப் போட்டார். ஒரே திருகு. கையை எடுத்தார். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு மண்ணெண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். கால்மணிகூட ஆகவில்லை.

"முடிஞ்சுதா சூசை?"

"முடிஞ்சுது மேடம்." கொஞ்சம் தயங்கிச் சிரித்தார். "எனக்கு உக்காரல. விட்டுட்டேன். நீங்க ஓட்டிக்கினு போங்க."

நான் வண்டியை எடுத்தேன். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அங்கே நின்றபோது ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த என் விரல்களிலிருந்து மெல்ல ஓர் அரிப்பு ஏறியது. பின்சக்கரம் லேசாக ஆடுகிற மாதிரி இருந்தது. அருளப்பன் மாலையில்தானே நட்டையெல்லாம் பார்ப்பார்? அதற்குள் நான் வீடு போய்விடுவேனே? திரும்பிப் போய், "அருளப்பன், அது உக்காந்துச்சான்னு ஒரு தடவை பாருங்க" என்று சொன்னால் இரண்டு நிமிஷ வேலை. அதைக் கேட்டுக்கொண்டு சூசை பக்கத்திலேயே நிற்பார்.

கேட் திறந்தது. நான் வீட்டுக்குப் போனேன். மணிக்கட்டு வரை ஏறிய அரிப்பு மஞ்சக்குப்பம் வருவதற்குள் பாதியாக இறங்கியிருந்தது.